தாப்பியோபிச்கே, 1849 ஏப்ரல் 4: ஜெயித்த சண்டையா, திட்டத்தைக் கெடுத்த சண்டையா?

வரைபடப்பிரியன்

பெரிய போர்களைப் பற்றி இங்கே நிறைய இழைகள் ஓடிவிட்டன. எனக்கு ஒரு சின்னச் சண்டையைப் பற்றிச் சண்டை போட ஆசை. ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்து நடந்த 1848-49 ஹங்கேரிய விடுதலைப் போரில், வசந்தகாலப் படையெடுப்பின் நடுவில் வரும் தாப்பியோபிச்கே. புடாபெஸ்டுக்குக் கிழக்கே, தாப்பியோ என்ற சிற்றாற்றின் கரையில் உள்ள ஒரு கிராமம். ஹங்கேரியர்கள் இதைத் தங்கள் வெற்றிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அது தப்பு என்பது என் கட்சி.

பின்னணி தெரியாதவர்களுக்காக. 1849 ஜனவரியில் ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்கிரேட்ஸ் புடாவையும் பெஸ்டையும் (இன்றைய புடாபெஸ்ட்) பிடித்துவிட்டார். ஹங்கேரியத் தலைவர் கொஷூத்தின் அரசு கிழக்கே டெப்ரெட்சனுக்குப் போய்விட்டது. பிப்ரவரி 26, 27 தேதிகளில் காப்போல்னாவில் ஹங்கேரியர் தோற்றார்கள். அவ்வளவுதான், கலகக்காரர்கள் சிதறிவிட்டார்கள் என்று விண்டிஷ்கிரேட்ஸ் எழுதி அனுப்ப, அதை நம்பி மார்ச் 4 அன்று ஓல்முட்சில் புதிய அரசியல் சட்டமே அறிவித்துவிட்டார்கள். ஆனால் படை சிதறவில்லை. மார்ச் கடைசியில் கோர்கெய் தற்காலிகத் தளபதியாகப் பொறுப்பேற்று, திஸா நதியிலிருந்து பெஸ்டை நோக்கிப் புறப்படுகிறார்.

திட்டம் ரொம்ப அழகானது. பெஸ்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஹத்வான் ஊரில், காஷ்பார் தலைமையில் 7ஆம் கோர் மட்டும் நிற்கும். (கோர் என்றால் தனியாக இயங்கக்கூடிய பெரிய படை. குதிரை, பீரங்கி எல்லாம் உள்ளடக்கம்.) முழு ஹங்கேரியப் படையும் தானே என்பதுபோல அது நடிக்கும். கிளாப்காவின் 1ஆம் கோர், அவுலிச்சின் 2ஆம் கோர், டம்யானிச்சின் 3ஆம் கோர் மூன்றும் தெற்கே யாஸ்பெரேன் பக்கமாகச் சுற்றிப் போய், கோடோல்லோவில் இருக்கும் ஆஸ்திரியப் படையைப் பக்கவாட்டில் தாக்கிப் பெஸ்டிலிருந்து துண்டிக்கும். மொத்தம் 47,500 பேர், 198 பீரங்கி. எதிரிக்கு 55,000 பேர், 214 பீரங்கி. ஆள் குறைவாக இருப்பவன் ஏமாற்றித்தான் ஜெயிக்க வேண்டும். அதற்குத் தேவை ஒன்றே ஒன்று: தெற்கே சுற்றிப் போகிறவர்கள் கண்ணில் படக்கூடாது.

ஏப்ரல் 2 அன்று காஷ்பார் ஹத்வானில் ஷ்லிக்கின் ஆஸ்திரியப் படையை அடித்தே விரட்டினார். நடிப்புக்கு மேல் நடிப்பு. ஏப்ரல் 4 அன்று கிளாப்கா போய் தாப்பியோபிச்கேயில் கையை விட்டார். ஆஸ்திரியர் பக்கத் தளபதி யெலாச்சிச்சின் பின்காவல் படை மட்டும்தான் கிராமத்தில் இருக்கிறது என்று தகவல் வந்ததாம். சரியாக வேவு பார்க்காமல் உள்ளே நுழைந்தார். ஒளிந்து போக வேண்டிய படை பட்டப்பகலில் பீரங்கி முழக்கிச் சண்டை போட்டது. இதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

புதுசு

நான் இந்தப் போரைப் பற்றி இப்போதுதான் படிக்கிறேன். கிராமத்துக்குள் என்ன நடந்தது? உள்ளே நுழைந்தவர்கள் ஏன் ஓடினார்கள்?

பழைய பீரங்கி

கிராமத்தில் இருந்தது ஜெனரல் ரஸ்திச்சின் பிரிகேடு, அதாவது கோரைவிடச் சின்னப் படைப்பிரிவு. யெலாச்சிச்சின் கோர் வடமேற்கே இஷஸெக் நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, அதன் வால் இது. படை நடையில் வால்தான் எப்போதும் பலவீனம் என்று போர்க் கல்லூரியில் சொல்லிக் கொடுப்பார்கள், கிளாப்காவும் அதைத்தான் நம்பியிருப்பார். ஆனால் ரஸ்திச்சின் ஆட்கள் எல்லைப் படையினர். வீடு, வேலி, தோட்டம் என்று மறைவில் நின்று சண்டை போடுவது அவர்களுக்குப் பழகிய தொழில். ஹங்கேரியப் படை வரிசையாகத் தெருவுக்குள் வந்ததும் பக்கவாட்டிலிருந்து சுட்டு, எதிர்த்தாக்குதலும் நடத்தினார்கள். வரிசை கலைந்தது. முன்னால் போனவர்கள் திரும்பி ஓட, பின்னால் வந்தவர்கள் ஏன் என்று தெரியாமலே அவர்களோடு ஓடினார்கள்.

இங்கே நில அமைப்பைக் கவனிக்க வேண்டும். தாப்பியோ ஒன்றும் பெரிய ஆறு இல்லை. அதன் கரை சதுப்பு. பீரங்கி வண்டியும் குதிரையும் சேற்றில் இறங்க முடியாது, பாலம்தான் வழி. ஓடி வந்த எல்லாரும் அந்த ஒரு பாலத்துக்கு வந்தார்கள். அந்த நெரிசலில் மேட்டிலிருந்து குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பீரங்கிகளும் போயின.

அந்த நேரத்தில்தான் டம்யானிச்சின் 3ஆம் கோர் வந்து சேர்ந்தது. கோர்கெய்யும் வந்தார். டம்யானிச் யோசித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. பாலத்தின் மீது நேராக பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) தாக்குதல். சிதறு குண்டு பொழியும் பாலத்தில் ஓடியவர்கள் இரண்டு பட்டாலியன்கள் என்று ஹங்கேரியில் இன்றும் பெயர் சொல்வார்கள்: செகெத் ஊரின் 3ஆம் பட்டாலியன், காஷாவில் திரட்டிய 9ஆம் பட்டாலியன். 3க்குத் தொப்பியில் வெள்ளை இறகு, 9க்குச் சிவப்புத் தொப்பி. யார் முதலில் எதிரியைத் தொடுவது என்று இவர்களுக்குள் எப்போதும் போட்டி. பாலம் கைக்கு வந்தது, கிராமம் வந்தது, ரஸ்திச் பின்வாங்கினார்.

ஆக, மாலையில் களம் யார் கையில் இருந்ததோ அவருக்கு வெற்றி என்ற பழைய கணக்கில் ஹங்கேரியருக்கு வெற்றி. உயிர்ச்சேதம் அவர்கள் பக்கம்தான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டான்யூப் கரையோரம்

நான் புடாபெஸ்டில் வேலை செய்கிறேன். சொல்னோக் போகும் ரயில் பாதையில் நாஜ்காட்டாவில் இறங்கினால் பக்கத்து ஊர்தான் இது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஹுஸார் (ஹங்கேரியக் குதிரைவீரர்) உடை போட்டவர்கள் குதிரையில் இந்தப் போர்க்களங்களை வரிசையாகச் சுற்றி வருவார்கள். இஷஸெக்கில் பெரிய கூட்டம் கூடும். பிச்கேயில் சின்னக் கூட்டம்.

ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும் பாலம் பற்றிப் பேசுவதற்கு முன் குதிரை மேல் நடந்த ஒற்றைச் சண்டையைத்தான் சொல்வார்கள். ஹங்கேரிய ஹுஸார் மேஜர் ஷெபோ அலயோஷ் ஒரு பக்கம். யெலாச்சிச்சின் ஹுஸார்களை நடத்திய மேஜர் ரீடெசல் பிரபு மறுபக்கம். இரண்டு பேரும் படைகளுக்கு நடுவில் வாளோடு மோதி, ரீடெசல் விழுந்தார். தான் மோர் என்ற இளம் ஓவியர் அப்போது கோர்கெய்யின் முகாமோடு போய் போர்க்காட்சிகளை வரைந்துகொண்டிருந்தார், இந்தக் காட்சியையும் வரைந்திருக்கிறார். பின்னாளில் தேசிய அருங்காட்சியகத்தின் படிக்கட்டுச் சுவரில் தீட்டியவர்களில் அவரும் ஒருவர். ஒரு மாலை மங்கலில் முடிந்துபோன சண்டைக்கு இத்தனை புகழ் வந்ததற்கு அந்தப் படம் பாதிக் காரணம்.

சந்தேகசாமி

இரண்டு படையும் கை கட்டி வேடிக்கை பார்க்க, நடுவில் இரண்டு மேஜர்கள் வாள் வீசினார்களாக்கும். குருக்ஷேத்திரத்திலேயே அப்படி நடக்கவில்லை. ரீடெசல் இறந்தார், ஷெபோ அவரோடு மோதினார், இது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். மீதி எல்லாம் ஓவியமும் மதுக்கடையும் சேர்த்து வளர்த்தது.

பழைய பீரங்கி

சந்தேகசாமி, குதிரைப்படை மோதல் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வரிசையும் முழு வேகத்தில் இடித்துக்கொள்வது சினிமாவில்தான். பெரும்பாலும் ஒரு வரிசை கடைசி நொடியில் திரும்பிவிடும், அல்லது இரண்டும் வேகம் குறைந்து ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அப்படிக் கலக்கும்போது முன்னால் வருகிறவர் அதிகாரி. எதிரில் முதலில் தட்டுப்படுகிறவரும் அதிகாரி. பத்துப் பதினைந்து நொடி அவர்கள் இருவர் மட்டும் மோதுவது நடக்கக் கூடியதே. அந்தப் பதினைந்து நொடியை ஓவியர் நிறுத்தி வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

வரைபடப்பிரியன்

ஒற்றைச் சண்டை எனக்கு வேண்டாம். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஹங்கேரியரின் முக்கியப் படை தெற்கே இருக்கிறது என்று ஏப்ரல் 4 மாலையில் யெலாச்சிச்சுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கோர் வந்து மோதிய பிறகு அதைப் பின்காவல் சில்லறை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிவப்புத் தொப்பிப் பட்டாலியனைப் பார்த்த பிறகு டம்யானிச் இங்கேதான் இருக்கிறார் என்று சிப்பாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். திட்டம் அம்பலம்.

இதில் வேடிக்கை, அந்தத் திட்டத்துக்கு யோசனை சொன்னதே கிளாப்கா என்று பலரும் எழுதுகிறார்கள். தானே போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார்.

டான்யூப் கரையோரம்

அம்பலமானது யாருக்கு என்பதுதான் கேள்வி. யெலாச்சிச்சுக்குத் தெரிந்தது, சரி. முடிவெடுக்க வேண்டியவர் விண்டிஷ்கிரேட்ஸ். அவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

அவருக்கு அப்போது 61 வயது. 1848இல் ப்ராகையும் வியன்னாவையும் குண்டு போட்டு அடக்கியவர். அந்த ப்ராக் கலகத்தில்தான் அவர் மனைவி ஜன்னலருகே குண்டு பட்டு இறந்தார். கலகக்காரன் என்றால் தெருவில் தடுப்பு கட்டிக்கொண்டு ஒளிந்து சுடுபவன் என்பதுதான் அவர் மனதில் இருந்த படம். நான்கு கோர்களைத் தனித்தனிச் சாலையில் நடத்தி ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்க்கக்கூடிய எதிரி என்பது அவர் கற்பனைக்குள் வரவில்லை.

ஹத்வானில் ஷ்லிக் அடி வாங்கியதும் எதிரி வடக்குச் சாலையில் என்று தீர்மானித்தார். பிச்கேயிலிருந்து தகவல் வந்ததும் தெற்கேயும் இருக்கிறானோ என்று சந்தேகப்பட்டார். அப்புறம் இன்னும் வடக்கே, டான்யூப் வளைவை ஒட்டி வாட்ஸ் வழியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. மூன்றையும் மூட வேண்டும் என்று தன் தளபதிகளில் ட்சோரிச்சை வாட்ஸ் பக்கம், ஷ்லிக்கைக் கோடோல்லோவில், யெலாச்சிச்சை இஷஸெக்கில் என்று பரத்தி வைத்தார். ஒரு கூடுதல் தகவல் வந்து அவரை இன்னும் குழப்பியது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பிச்கே நடக்காமல் இருந்தால்கூட ஹத்வானை நம்பி எல்லாரையும் கோடோல்லோவில் திரட்டி வைத்திருப்பார், அப்போது ஏப்ரல் 6 இஷஸெக் சண்டையில் கோர்கெய்க்கு இன்னும் கஷ்டமாகியிருக்கலாம்.

வரைபடப்பிரியன்

எதிரி முட்டாளாக இருந்ததால் தப்பித்தது நல்ல திட்டம் ஆகிவிடாது. பரீட்சையில் கேள்வித்தாள் தொலைந்துபோனதால் பாஸ் ஆனவன் மாதிரி. அதோடு, ஹத்வானை நம்பி எல்லாரும் கோடோல்லோவில் திரண்டிருந்தால், மூன்று கோர் அவர்களுக்கும் பெஸ்டுக்கும் நடுவில் போய் நின்றிருக்கும். திட்டத்தின் நோக்கமே அதுதானே? ஏப்ரல் 6 இஷஸெக் வெற்றிக்குப் பிறகும் ஆஸ்திரியப் படை உடையாமல் பெஸ்டுக்குப் பின்வாங்கியது. சுற்றி வளைப்பது நடக்கவே இல்லை. எதிரியைத் தள்ளினார்கள், பிடிக்கவில்லை. அந்த வித்தியாசத்துக்கு விதை ஏப்ரல் 4.

பழைய பீரங்கி

இதில் வரைபடப்பிரியன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யெலாச்சிச் பிச்கேயில் சூடு பட்டதால்தான் இஷஸெக்கில் தயாராக நின்றார். ஏப்ரல் 6 அன்று அங்கே ஹங்கேரியர் அவரைத் தூக்கத்தில் பிடிக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் கிளாப்கா தலையில் போட மாட்டேன். 28 வயசு. முதல் முறையாக வெற்றி பெறும் படையில் கோர் நடத்துகிறார். எதிரியின் வால் கண் முன்னால் கிடக்கிறது. பதினைந்து கோர் தளபதிகளில் பத்துப் பேர் அடித்துத்தான் பார்த்திருப்பார்கள். தப்பு அடித்ததில் இல்லை, பார்க்காமல் அடித்ததில். குதிரைப்படையை முதலில் அனுப்பிக் கிராமத்தைச் சுற்றிப் பார்த்திருந்தால் போதும். ஹுஸார்கள் அவரிடம் இல்லாமல் இல்லை.

எல்லைக்காவலன்

எல்லாரும் "ஹங்கேரியர் எதிர் ஆஸ்திரியர்" என்றே எழுதுகிறீர்கள். ஏப்ரல் 4 அன்று அந்தப் பாலத்தின் இரு பக்கமும் யார் நின்றார்கள் என்று பார்க்கலாமா?

யெலாச்சிச் குரோஷியாவின் பான், அதாவது ஆளுநர். ரஸ்திச்சின் ஆட்கள் ராணுவ எல்லைப்புறத்து விவசாயிகள். உஸ்மானியப் பேரரசின் எல்லை நெடுக ஹாப்ஸ்பர்க் அரசு ஏற்படுத்திய ஏற்பாடு அது: நிலம் தருகிறோம், வரியில் சலுகை, பதிலுக்கு வீட்டுக்கு வீடு ஆள் படைக்கு வர வேண்டும். சாட்ருகா என்ற கூட்டுக் குடும்பங்கள் இதற்கு அடிப்படை. அண்ணன் போருக்குப் போனால் தம்பி உழுவான். குரோஷியரும் செர்பியரும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வாழ்ந்தார்கள். பேரரசருக்காக இத்தாலிக்கும் போனார்கள், ஹங்கேரிக்கும் வந்தார்கள்.

பாலத்தின் இந்தப் பக்கம் டம்யானிச். அவரும் அதே எல்லைப்புறத்தில் பிறந்த செர்பியர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அவருடைய கோரில் ஒரு டிவிஷனை நடத்தியவர் விசோட்ஸ்கி, போலந்துக்காரர். இன்னொரு முக்கிய அதிகாரி க்னெஸிச், குரோஷியப் பின்னணி. லைனிங்கன் கோமகன் ஜெர்மானியப் பிரபு. சிவப்புத் தொப்பிகளைத் திரட்டிய காஷா இன்று ஸ்லோவாக்கியாவில் கோஷிட்ஸே. ஹங்கேரிய மொழி சரளமாகப் பேசாத எத்தனை பேர் அன்று ஹங்கேரிக்காக அந்தப் பாலத்தில் ஓடினார்கள் என்று யோசியுங்கள்.

சந்தேகசாமி

அப்படியானால் யெலாச்சிச் ஏன் எதிர்ப்பக்கம் போனார்? குரோஷியருக்கும் விடுதலை வேண்டியதுதானே?

எல்லைக்காவலன்

அவர்களுக்கு வேண்டியது பெஸ்டிலிருந்து விடுதலை. 1848 ஏப்ரல் சட்டங்கள் ஹங்கேரியருக்குப் பொறுப்பாட்சி தந்தன, பண்ணையடிமை முறையை ஒழித்தன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சட்டங்களின்படி நாடு ஒன்று, அரசியல் தேசம் ஒன்று, அது ஹங்கேரிய தேசம். குரோஷியர், செர்பியர், ருமேனியர், ஸ்லோவாக்கியர் தங்கள் மொழிக்கும் சபைக்கும் இடம் கேட்டபோது பெஸ்டில் காது கொடுத்துக் கேட்டவர் குறைவு. வியன்னா அந்த இடைவெளியில் புகுந்தது. 1848 செப்டம்பர் 11 அன்று யெலாச்சிச் ட்ராவா நதியைத் தாண்டினார். அந்த மாதக் கடைசியில் பாகோஸ்தில் தோற்றார். அதற்குப் பிறகும் வியன்னாவோடுதான் நின்றார்.

ஹங்கேரிய அரசு சிறுபான்மையினருக்கான சட்டத்தை செகெத் நகரில் நிறைவேற்றியது 1849 ஜூலை 28. ஆகஸ்ட் 13 அன்று சரணடைந்துவிட்டார்கள். இரண்டு வாரச் சட்டம்.

யெலாச்சிச்சுக்கு என்ன கிடைத்தது? போர் முடிந்ததும் வியன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கட்டாய மைய ஆட்சியைக் கொண்டுவந்தது. எங்களுக்குத் தண்டனையாகக் கிடைத்தது உங்களுக்குப் பரிசாகக் கிடைத்திருக்கிறது என்று ஒரு ஹங்கேரியர் ஒரு குரோஷியரிடம் சொன்னதாக ஒரு கிண்டல் உண்டு. ஸாக்ரெப்பில் 1866இல் அவருக்குச் சிலை வைத்தபோது வாள் வடக்கே, ஹங்கேரியைப் பார்த்து நீட்டியிருந்தது. 1947இல் கம்யூனிஸ்ட் அரசு அகற்றியது. 1990இல் மறுபடி வைத்தபோது தெற்கே திருப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் யார் மீது கோபம் என்று உங்களுக்கே புரியும்.

டான்யூப் கரையோரம்

எல்லைக்காவலன் சொன்னதில் ஒன்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்த வேண்டும். டம்யானிச் செர்பியர்தான். ஆனால் தெற்கே செர்பியக் கலகத்தை எதிர்த்துச் சண்டையிட்டபோது தன் இனத்தார் மீது அவர் காட்டிய கடுமை ஹங்கேரியருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. "பன்மொழிச் சகோதரத்துவம்" என்று நாம் அவரைப் போஸ்டரில் ஒட்ட முடியாது. அவர் தேர்ந்தெடுத்த பக்கத்தில் முழுசாக நின்றார், அவ்வளவே.

புதுசு

கோர்கெய் யார்? எங்கே பார்த்தாலும் பாதிப் பேர் மேதை என்கிறார்கள், பாதிப் பேர் துரோகி என்கிறார்கள்.

பழைய பீரங்கி

அதற்குத் தனி இழையே வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது அவருக்கு 31 வயது. ராணுவத்தை விட்டுவிட்டு ப்ராகில் வேதியியல் படித்தவர். என்ன ஆராய்ச்சி தெரியுமா? தேங்காய் எண்ணெய். அதிலுள்ள கொழுப்பு அமிலங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1848இல் வெளிவந்தது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் இருப்பதைக் கண்டு எழுதியவர், அடுத்த ஆண்டு ஹாப்ஸ்பர்க் படையை விரட்டிக்கொண்டிருந்தார். பேராசிரியர் வேலை கிடைத்திருந்தால் வரலாறு வேறு மாதிரிப் போயிருக்குமோ என்னவோ.

ஆஸ்திரியாவுக்கு உதவியாக ரஷ்யப் படை நுழைந்த பிறகு வேறு வழியில்லாமல் விலாகோஷில் ரஷ்யரிடம் சரணடைந்தார். ஜாரின் தலையீட்டால் உயிர் தப்பினார், கிளாகன்ஃபுர்ட்டில் குடியமர்த்தினார்கள். அவருடைய தளபதிகளுக்கோ அக்டோபர் 6 அன்று ஆராதில் மரண தண்டனை. 13 பேர். டம்யானிச், அவுலிச், க்னெஸிச், லைனிங்கன், நம் பிச்கேக்காரர்கள் பலரும் அந்தப் பட்டியலில். மாண்டவர் பலர், தப்பியவர் ஒருவர். போதாததற்கு கொஷூத் நாட்டை விட்டுப் போனதும் விதினிலிருந்து ஒரு கடிதம் எழுதி, எல்லாவற்றுக்கும் கோர்கெய் துரோகமே காரணம் என்றார். கோர்கெய் 98 வயது வரை, 1916 வரை அந்தப் பழியோடு வாழ்ந்தார். துரோகி என்ற கட்சியில் நான் இல்லை.

சந்தேகசாமி

அதனால்தான் கேட்கிறேன். பிச்கேயில் கிளாப்கா சொதப்பினார் என்று நமக்குச் சொன்னது யார்? கோர்கெய்யின் நினைவுக் குறிப்பு 1852இல் லைப்ட்சிக்கில் வந்தது. நாடே துரோகி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய புத்தகம். கீழே இருந்தவர்கள் சொதப்பினார்கள், நான் சரிசெய்தேன் என்ற ராகம் அதில் நிறைய. இஷஸெக்கில்கூட கிளாப்கா வந்து ஆட்கள் களைத்துவிட்டார்கள், குண்டு தீர்ந்துவிட்டது என்றபோது, பயனெட்டுக்குக் குண்டு எதற்கு என்ற பாணியில் பதில் சொன்னதாக எழுதியிருக்கிறார். கிளாப்காவும் நினைவுக் குறிப்பு எழுதியவர்தான். அவர் தரப்பில் அவ்வளவு காரம் இருக்காது, ஏனென்றால் அவருக்கு அந்தத் தேவை இல்லை. கொமாரோம் கோட்டையை 1849 இலையுதிர்காலம் வரை விடாமல் பிடித்து, பேரம் பேசி, தன் ஆட்களுக்கு உயிர்ப் பத்திரத்தோடு வெளியே வந்தவர். அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை.

வரைபடப்பிரியன்

சாட்சியின் நோக்கத்தைச் சந்தேகிப்பது சரி. ஆனால் பிச்கேயில் 1ஆம் கோர் பாலத்தைத் தாண்டி ஓடியது கோர்கெய் மட்டும் சொன்ன செய்தி இல்லையே. டம்யானிச் பாலத்தைத் திரும்பப் பிடித்தார் என்றால், அதற்கு முன் யாரோ அதை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நிலமே சாட்சி.

புதுசு

டம்யானிச் ஆராதில் என்ன ஆனார் என்று தேடினேன். கால் உடைந்திருந்ததாமே?

டான்யூப் கரையோரம்

ஆமாம். ஏப்ரல் கடைசியில், கொமாரோம் வெற்றிக்குப் பிறகு, வண்டிக் குதிரைகள் மிரண்டு ஓடியதில் கால் முறிந்தது. அதற்கப்புறம் அவரால் களத்துக்கு வர முடியவில்லை, ஆராத் கோட்டையின் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கேயே சரணடைந்து, அங்கேயே தூக்கு. வண்டியில்தான் கொண்டு போனார்கள். எட்டாவதாகத் தூக்கிலிட்டார்கள். போரில் எப்போதும் முதல் ஆளாக நின்ற தன்னை இங்கே ஏன் காக்க வைக்கிறீர்கள் என்று கேட்டதாக ஒரு வழக்கு. ஹங்கேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

கோடைகாலச் சண்டைகளில் டம்யானிச் இல்லாதது பெரிய குறை. பிச்கே மாதிரி ஒரு படை திரும்பி ஓடும்போது எதிர்த்திசையில் இன்னொரு படையை ஓட வைக்கக்கூடிய ஆள் அதற்கப்புறம் கோர்கெய்யிடம் இல்லை.

எல்லைக்காவலன்

அந்தப் பயனெட் தாக்குதலைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத் துப்பாக்கியில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம், நூறு கெஜத்துக்கு மேல் குறி நிற்காது. பாலத்தைக் கடக்க ஆகும் நேரத்தில் எதிரே நிற்பவனுக்குக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு சூடு. பீரங்கியின் சிதறு குண்டுதான் உண்மையான எமன். அதனால் நின்று திருப்பிச் சுடுவதைவிட ஓடிப் போய் மோதுவதில்தான் உயிர் பிழைக்க வாய்ப்பு. டம்யானிச்சுக்கு இது முரட்டுத்தனம் இல்லை, கணக்கு.

பழைய பீரங்கி

வரைபடப்பிரியனுக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் கிளாப்காவைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் காஷ்பாரைப் பிடிப்பேன். ஏப்ரல் 6 அன்று இஷஸெக்கில் நாள் முழுக்க பீரங்கி முழங்கியது. கிளாப்காவும் டம்யானிச்சும் காட்டுக்குள் சிக்கித் திணறினார்கள். அவுலிச் நேரத்துக்கு வந்து சேர்ந்ததால் களம் திரும்பியது. காஷ்பார் 7ஆம் கோரோடு வடக்கே கல்கா ஆற்றங்கரையில் நின்றார். எதிரே ஷ்லிக்கை அழுத்திப் பிடித்திருந்தால் கோடோல்லோவிலிருந்து உதவி போயிருக்காது, ஆஸ்திரியருக்குத் தப்பிக்க இவ்வளவு சாவகாசமும் இருந்திருக்காது. அவர் நகரவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார், புது உத்தரவு வரவில்லை என்பது அவர் தரப்பு.

சுற்றி வளைப்பு தவறியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், உத்தரவில்லாமல் பாய்ந்த கிளாப்காவை இரண்டாவதாகவும், உத்தரவுக்காக நின்ற காஷ்பாரை முதலாவதாகவும் எழுதுவேன். நடிக்கச் சொன்னவன் கடைசிக் காட்சியிலும் நடித்துக்கொண்டே இருந்துவிட்டான்.

வரைபடப்பிரியன்

காஷ்பார் நின்றதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டேன். காஷ்பாருக்குப் போக வேண்டிய உத்தரவு கோர்கெய்யிடமிருந்து போக வேண்டியது. அதை நேரத்தோடு அனுப்பாதது தலைமையின் குறை, நின்றவரின் குறை பாதிதான். கிளாப்காவுக்கோ உத்தரவு தெளிவாக இருந்தது, சத்தம் போடாமல் போ என்று.

இன்னொன்று. ஏப்ரல் 14 அன்று டெப்ரெட்சனில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தை அரியணையிலிருந்து நீக்கியதும் காஷ்பார் விடுப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார், அரசருக்கு எதிராகப் போக அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஆராதில் அவருக்குத் தூக்கு இல்லை, பத்து வருடச் சிறை விதித்தார்கள். ஏப்ரல் 6 அன்றே அவர் மனம் அரைகுறையாகத்தான் இருந்ததா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு நாள் முன்னால் ஹத்வானில் அவ்வளவு நன்றாக அடித்தவர் அவர்.

சந்தேகசாமி

பத்து நாளில் தலைநகருக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். ஏப்ரல் 12 அன்று விண்டிஷ்கிரேட்ஸை வேலையை விட்டே தூக்கினார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஜெயித்த படையில் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

வரைபடப்பிரியன்

ஜெயித்த படையில்தான் தேட வேண்டும் சாமி. தோற்ற படையில் தேடுவதற்கு வியன்னாவில் ஆள் இருந்தது.